ச ரி க ம ரி க ச ப: பாக்கை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

1724இல் கெர்பர் என்ற இளைஞர் சட்டம் படிக்க ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்கு வந்தார். ஆனால் அவர் மனம் கிடந்தது இன்னொருவரிடம். அங்கே தாமஸ் தேவாலயத்துப் பள்ளியில் இசைப் பொறுப்பில் இருந்தவர் யோகான் செபாஸ்டியன் பாக். தயங்கித் தயங்கிப் போய் நின்ற கெர்பரை, "நம்ம ஊர்ப்பக்கம்" என்று சொல்லி அவர் சேர்த்துக்கொண்டார். முதலில் கையில் கொடுத்தது 'இன்வென்ஷன்' என்னும் சின்னச் சின்னப் பாடங்கள். அவை தேறியதும் 'சூட்' எனப்படும் நடனத் தொகுப்புகள். அதற்கும் பிறகுதான் 24 ஸ்கேல்களிலும் எழுதிய பெரிய தொகுப்பு. பாடம் நடத்த மனம் வராத நாட்களில் பாக் தானே உட்கார்ந்து அந்தப் பெரிய தொகுப்பை வாசித்துக் காட்டுவாராம். முழுவதையும் மூன்று முறை அப்படிக் கேட்டிருக்கிறார் கெர்பர். தன் வாழ்நாளின் மிக இனிய பொழுதுகளில் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தார் என்று அவருடைய மகன் பின்னாளில் எழுதினார்.

புதிதாக பாக்கைக் கேட்க வருகிறவருக்கு இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியவில்லை. நான் தொடங்கிய இடம் வேறு. 'பி மைனர் மாஸ்' என்ற, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும் மகத்தான படைப்பை முதலில் எடுத்துக்கொண்டேன். இருபது நிமிடத்தில் களைத்துப்போய் நிறுத்தினேன். பிறகு பல ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்ப உள்ளே அழைத்துப் போனது ஒன்றரை நிமிடம் ஓடும் ஓர் இன்வென்ஷன். இந்த இசையில் பெரும்பகுதியை பாக் தன் பிள்ளைகளுக்காகவும் மாணவர்களுக்காகவும் எழுதினார். கற்றுக்கொள்ள வருகிறவருக்கு இந்த வீட்டில் பிள்ளையின் இடம் உண்டு. அந்த உரிமையோடு உள்ளே போங்கள்.

ஆகவே இந்த வழிகாட்டி கெர்பருக்குக் கிடைத்த வரிசையிலேயே போகிறது: இன்வென்ஷன், சூட், பெரிய தொகுப்பு. அதன்பின் பல வாத்தியங்கள். கடைசியில் தேவாலயம்.

தொடங்கும் முன் ஒரே ஒரு ஏற்பாடு

இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் கீழ்ஸ்தாயி முழுக்கக் காணாமல் போய்விடும். பாக் கட்டிய வீட்டில் அஸ்திவாரமே அங்கேதான் இருக்கிறது. சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் போகும் பாதையைத் தனியாகப் பின்தொடரும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பாடகர் குரலை விட்டுவிட்டு, அடியில் ஓடும் அந்த நடையை முணுமுணுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காது ஏற்கெனவே இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பணம் எதுவும் செலவாகாது. நெதர்லாந்து பாக் சொசைட்டி என்ற குழு பாக்கின் எல்லாப் படைப்புகளையும் ஒவ்வொன்றாக வாசித்துப் படம்பிடித்து இணையத்தில் இலவசமாகத் தந்துவருகிறது. வாசிப்பவரின் கையையும் வில்லையும் பார்த்துக்கொண்டே கேட்பது புதியவருக்குப் பெரிய உதவி.

முதல் படி: எட்டு ஸ்வரம்

இன்வென்ஷன் எண் 1, சி மேஜர் (சி என்பது ஆதார ஸ்வரம், மேஜர், மைனர் என்பவை ஸ்கேலின், அதாவது ஸ்வர வரிசையின், இரண்டு வகை). தேடும்போது பி.டபிள்யூ.வி. 772 என்ற எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். (இந்த எண் என்னவென்று பின்னால் சொல்கிறேன்.)

கேட்பதற்கு முன் இதை வாய்விட்டுப் பாடுங்கள்: ச ரி க ம ரி க ச ப. வேகமாக, ஒரே மூச்சில். இந்த எட்டு ஸ்வரத்திலிருந்துதான் முழுப் பாடமும் முளைக்கிறது. வலது கை இதை வாசிக்கும். அரை பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) கழித்து இடது கை அதையே ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கும். 22 பார் முடியும்வரை இதே வரி இடம் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். சில இடங்களில் தலைகீழாகக் கவிழ்ந்து, ஏறிய வழியில் இறங்கும். சில இடங்களில் முதல் நான்கு ஸ்வரம் மட்டும் பிரிந்து, இரண்டு மடங்கு மெதுவாக நடக்கும்.

நான்கு முறை கேளுங்கள். முதல் முறை எதையும் தேடாமல். இரண்டாம் முறை மேலே ஓடும் வரியை மட்டும். மூன்றாம் முறை கீழே ஓடுவதை மட்டும். இது கடினம், காது மேலேயே ஓடப் பார்க்கும், இழுத்துக் கீழே வையுங்கள். நான்காம் முறை, ச ரி க ம ரி க ச ப எத்தனை தடவை வருகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். எண்ணிக்கை தப்பினால் பரவாயில்லை. எண்ண முயலும்போது காதில் நடக்கும் மாற்றம்தான் நமக்கு வேண்டியது. அடியில் 'துணைக்கு' என்று எதுவும் இல்லை, இரண்டு கையும் சமமாகப் பாடுகின்றன என்பது அப்போது தானாகப் புலப்படும்.

இந்தப் பாடங்கள் பிறந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம். 1720 ஜனவரியில், கோத்தன் என்ற சிற்றரசில் அரண்மனை இசைத் தலைவராக இருந்தபோது, ஒன்பது வயது மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்கு பாக் ஒரு பாட நோட்டுப் போட்டார். இன்வென்ஷன்கள் அதில்தான் முதலில் எழுதப்பட்டன. அதே ஆண்டு கோடையில் இளவரசர் லியோபோல்டோடு கார்ல்ஸ்பாட் நகருக்குப் போய்த் திரும்பியபோது, மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. புறப்படும்போது நலமாக இருந்தவர். வீட்டில் நான்கு பிள்ளைகள். 1723இல் பாக் அந்தப் பாடங்களைச் சீர்செய்து நல்ல பிரதி எடுத்தார். இரண்டு குரல்களைத் தெளிவாக வாசிக்கவும், நல்ல கருத்தைக் கண்டுபிடித்து வளர்க்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவதுபோல வாசிக்கவும் கற்றுக்கொள்ள இவை என்று முகப்பில் எழுதி வைத்தார். பாடுவதுபோல என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாக்கைக் கணக்கு வாத்தியார்போல வாசிக்கும் பதிவுகள் நிறைய இருக்கின்றன. அவற்றைத் தாராளமாகத் தள்ளிவிடலாம்.

ஒரு வாரம் இந்த ஒன்றோடு இருங்கள். பிறகு எண் 4 (டி மைனர்), எண் 8 (எஃப் மேஜர்), எண் 13 (ஏ மைனர்).

இரண்டாம் படி: நான்கு தந்தி, ஒரே ஆள்

கெர்பர் கீபோர்டுக்கான சூட்களை வாசித்தார். கேட்க மட்டும் வருகிறவருக்கு நான் செல்லோ சூட்களைச் சொல்வேன். முதல் சூட், ஜி மேஜர், பி.டபிள்யூ.வி. 1007, அதன் பிரிலூட், அதாவது தொடக்கப் பகுதி. பெயர் தெரியாவிட்டாலும் விளம்பரங்களிலும் திரைப்படங்களிலும் இதை நீங்கள் கேட்டிருக்கக்கூடும்.

ஒரே வாத்தியம், பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம். ஆனால் கேட்கும்போது இரண்டு மூன்று பேர் வாசிப்பதுபோல இருக்கும். காரணம், ஒவ்வொரு வில்லடியும் கீழே ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு மேலே போகிறது. கீழே தொட்ட ஸ்வரம் ஒலி அடங்கிய பின்னும் நம் மனதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கீழ் ஸ்வரங்களை மட்டும் வரிசையாக முணுமுணுத்துப் பாருங்கள். எழுதாமல் விட்ட பேஸ் அங்கே கேட்கும். முடிவை நெருங்கும்போது ஒரு தந்தியை விடாமல் ஒலிக்கவிட்டு, பக்கத்துத் தந்தியில் ஸ்வரம் படிப்படியாக மேலேறும். நம் காதுக்குத் தம்புராவின் பிடிமானம்போல ஓர் ஆறுதல் அதில் உண்டு.

சூட்டின் மற்ற பகுதிகள் எல்லாம் நடனங்கள்: அல்மாண்ட், கூரான்ட், சராபாண்ட், இரண்டு மினுவெட், கடைசியில் குதித்தோடும் ஜீக். சராபாண்ட் மூன்று எண்ணிக்கையில் இரண்டாவதில் சாய்ந்து நிற்கும். அது பிடிபட்டால் ஆறு சூட்களிலும் சராபாண்டைத் தேடித் தேடிக் கேட்பீர்கள். ஐந்தாவது சூட்டின் சராபாண்டில் இரண்டு தந்தி சேர்ந்து ஒலிக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. தனி ஸ்வரங்கள் மட்டுமே. இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

பாக் தன் கையால் எழுதிய செல்லோ சூட் பிரதி தொலைந்துவிட்டது. நமக்கு மிஞ்சிய முக்கியமான பிரதி அவருடைய இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனா எழுதியது. அவர் கோத்தன் அரண்மனையில் சம்பளத்துக்குப் பாடிய பாடகி. 1721 டிசம்பரில் திருமணம். பிறகு பதின்மூன்று பிரசவம், ஓயாத வீட்டு வேலை, அதற்கு நடுவே கணவரின் இசையைப் பக்கம் பக்கமாகப் பிரதி எடுப்பது. அந்தக் கை இல்லாவிட்டால் இந்த சூட்கள் நமக்கு எந்த நிலையில் வந்து சேர்ந்திருக்குமோ. பதிவு என்று கேட்டால் 1936க்கும் 1939க்கும் இடையில் பாப்லோ கசால்ஸ் செய்தது. பழைய ஒலி, கரகரப்பு இருக்கும். பதின்மூன்று வயதில் பார்சலோனாவில் ஒரு பழைய கடையில் இந்த நோட்டைக் கண்டெடுத்து, வாழ்நாள் முழுக்க வாசித்த மனிதரின் வில் அது.

இதே படியில் வயலினுக்கான மூன்றாவது பார்ட்டிட்டாவின் (இதுவும் சூட் போன்ற தொகுப்புதான்) பிரிலூடையும் கேட்டுவிடுங்கள், பி.டபிள்யூ.வி. 1006. இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அதில் பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகப் பெயரிட்ட பகுதி இந்த பிரிலூடை அடியொற்றியே எழுந்தது. தொகுப்பையே அவர் தியாகராஜருக்கும் பாக்குக்கும்தான் காணிக்கையாக்கினார். மூலத்தை முதலில், ராஜாவை அடுத்து, மறுபடி மூலத்தை என்று கேளுங்கள். அந்த ஒற்றை வயலினுக்குள் இன்னும் எத்தனை குரல்கள் ஒளிந்திருந்தன என்று ஓர் இசையமைப்பாளரின் காது காட்டித்தரும்.

கொஞ்சம் வாழ்க்கை

பாக்கின் இசையைக் கேட்க அவர் வாழ்க்கை முழுவதும் தெரிய வேண்டியதில்லை. ஆறேழு ஊர்ப் பெயர் போதும். எந்தப் படைப்பு எந்த ஊரில் எழுதப்பட்டது என்று தெரிந்தால் அது எதற்காக எழுதப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்.

1685 மார்ச் 21, ஐசனாக்கில் பிறப்பு. தலைமுறை தலைமுறையாக இசைக் குடும்பம். தந்தை நகர இசைஞர். ஒன்பது வயதில் தாயையும், ஓராண்டு முடிவதற்குள் தந்தையையும் இழந்து, ஓர்டுருஃப் ஊரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணனிடம் பெரிய ஆசிரியர்களின் படைப்புகள் அடங்கிய நோட்டு ஒன்று இருந்தது. தம்பிக்குத் தர மாட்டார். கம்பிக்கதவு போட்ட அலமாரி. சின்னக் கையை உள்ளே விட்டு, நோட்டைச் சுருட்டி வெளியே எடுத்து, ஆறு மாதம் நிலா வெளிச்சத்திலேயே பிரதி எடுத்தான் சிறுவன். அண்ணன் கண்டுபிடித்து அந்தப் பிரதியையும் பிடுங்கிக்கொண்டார். பாக் இறந்த பின் அவருடைய மகனும் மாணவரும் சேர்ந்து எழுதிய அஞ்சலியில் வரும் கதை இது.

பதினைந்தாவது வயதில் லூனெபுர்க் பள்ளியில் பாடகர் உதவித்தொகை. பதினெட்டில் ஆர்ன்ஸ்டட் ஊரில் ஆர்கன் வேலை. அங்கிருந்து 1705இல் நான்கு வாரம் விடுப்புக் கேட்டு, லூபெக் நகரில் முதியவர் புக்ஸ்டெஹூடே வாசிப்பதைக் கேட்கப் போனார். ஏறக்குறைய 400 கிலோமீட்டர், நடந்தே. நான்கு வாரம் நான்கு மாதமாகிவிட்டது. திரும்பியதும் சபை நிர்வாகம் விசாரித்தது. தாமதத்தோடு இன்னொரு புகாரும் சேர்ந்துகொண்டது: சபையார் பாடும் ஞானப்பாட்டுக்கு நடுவே விசித்திரமான ஸ்வரங்களைக் கலந்து குழப்புகிறார் என்று. லூபெக்கில் காதில் விழுந்தது விரலில் வந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றும்.

ம்யூல்ஹவுசனில் ஓராண்டு. வைமாரில் ஒன்பது ஆண்டு. மகத்தான ஆர்கன் படைப்புகளில் பல அங்கேதான். வேறு வேலைக்குப் போக அனுமதி கேட்டு அடம்பிடித்ததற்காக வைமார் கோமகன் 1717 நவம்பரில் அவரை ஏறக்குறைய நான்கு வாரம் காவலில் வைத்தார். விடுதலையானதும் கோத்தன். அந்த அரண்மனை கால்வின் வழிச் சபையைச் சேர்ந்தது. ஆராதனையில் விரிவான இசைக்கு இடமில்லை. அதனால்தான் வயலின், செல்லோ, கீபோர்டு, கான்செர்டோ (தனி வாத்தியமும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பது) என வாத்திய இசை அங்கே பெருகியது. 1723 முதல் 1750 ஜூலை 28இல் இறக்கும்வரை லைப்சிக். பெரிய தேவாலயப் படைப்புகள் எல்லாம் அந்த ஊரைச் சேர்ந்தவை.

மூன்றாம் படி: இருபத்து நான்கு ஸ்கேல்

கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்குள் 12 கட்டைகள். ஒவ்வொன்றையும் ஆதாரமாக வைத்து ஒரு மேஜர், ஒரு மைனர், மொத்தம் 24. அந்தக் காலத்தில் புழங்கிய சுருதி சேர்க்கும் முறைகள் பலவற்றில் சில ஸ்கேல்கள் தேனாக இனிக்கும், சில காதைக் கிழிக்கும். எல்லா ஸ்கேலிலும் வாசிக்கத்தக்கதாகச் சுருதியைச் சமன்செய்துகொண்டால் என்னவெல்லாம் முடியும் என்று 1722இல் பாக் எழுதிக் காட்டினார். ஒவ்வொரு ஸ்கேலிலும் ஒரு பிரிலூட், ஒரு ஃபியூக். இருபது ஆண்டுக்குப் பின் இன்னொரு முழுச் சுற்று. 'வெல் டெம்பர்டு கிளேவியர்' என்று தேடினால் கிடைக்கும். படிக்க ஆர்வமுள்ள இளைஞருக்கும், ஏற்கெனவே தேர்ந்தவருக்குப் பொழுதுபோக்காகவும் என்று முகப்பில் எழுதியிருக்கிறார்.

முதல் பிரிலூட், சி மேஜர், பி.டபிள்யூ.வி. 846. மெட்டு என்று தனியாக எதுவும் இல்லை. கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) மட்டும், ஒவ்வொன்றும் உதிரி உதிரியாகப் பிரித்து வாசிக்கப்படுகிறது. 35 பார்தான். இதைக் கேட்கும் வழி மூச்சோடு கேட்பது. ஒரு கார்டு நெருடும். அடுத்தது அந்த நெருடலைத் தளர்த்தும். 24ஆம் பாரிலிருந்து பேஸ் பஞ்சமத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எட்டு பார் அசையாது. மேலே கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும், கீழே ப ப ப ப. பிறகு 32ஆம் பாரில் ஷட்ஜத்துக்கு இறங்கும். அந்த இறக்கத்தில் உடம்பு தளர்வதை உணராதவரை நான் பார்த்ததில்லை.

இனி ஃபியூக். புதியவர்கள் பயப்படுவது இந்தச் சொல்லுக்குத்தான். ஒரே வரியைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னுவது, அவ்வளவுதான். சி மைனர் ஃபியூக், பி.டபிள்யூ.வி. 847இன் இரண்டாம் பாதி. ஒன்றரை நிமிடம், மூன்று குரல், 31 பார். இதை அடையாளம் காட்டும் தலைவரி துள்ளிக்கொண்டு தொடங்கும்: ச நி ச, ப, த. கடைசி இரண்டும் சற்று ஊன்றி நிற்கும். இதை மனதில் பதித்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில் நடுக் குரல் தனியே. 3ஆம் பாரில் மேல் குரல் அதே வரியைப் பஞ்சமத்திலிருந்து எடுக்கும். அப்போது நடுக் குரல் வாய் மூடுவதில்லை. எதிர்வரி ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கும். கொஞ்சம் இடைவெளி. 7ஆம் பாரில் கீழ்க் குரல் ஆழத்திலிருந்து வரும். இதற்காகத்தான் இயர்போன் போடச் சொன்னேன். 11ஆம் பாரில் வானம் வெளுத்ததுபோல வரி மேஜருக்கு மாறி ஒலிக்கும். முழு ஃபியூக்கிலும் தலைவரி வருவது எட்டே முறை. நடுவில் வரும் பகுதிகளும் அதே வரியின் துணுக்குகளால் நெய்தவைதான். கடைசி கார்டில் சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிவிடும். இருட்டு அறையில் யாரோ சன்னலைத் திறந்ததுபோல இருக்கும்.

மூன்று குரலையும் ஒரே நேரத்தில் முழுதாகப் பின்தொடர முடிகிறதா என்று உங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டாம். ஒரு முறைக்கு ஒரு குரல். ஒரு கூடத்தில் மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நம் கவனம் எப்படி ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் நகருமோ, அப்படியே நகரட்டும். பாக்கின் மாணவர்கள் குரல்களைப் பேசிக்கொள்ளும் மனிதர்களாக நினைத்துப் பழகினார்கள்: சொல்ல எதுவும் இல்லாத குரல் பேசாமல் இருக்க வேண்டும், ஒன்றை இன்னொன்று காரணமில்லாமல் குறுக்கிடக் கூடாது.

இந்தப் படியில் ஒரு மாதம் தங்கலாம். அவசரமே இல்லை.

எண், வாத்தியம், சுருதி

பி.டபிள்யூ.வி. என்பது பாக் படைப்புகளின் பட்டியல் எண். வுல்ஃப்காங் ஷ்மீடர் 1950இல் வெளியிட்டது. எண் சிறியதாக இருந்தால் இளமையில் எழுதியது என்று அர்த்தமில்லை; பட்டியல் வகைவாரியானது. 1 முதல் 200 வரை தேவாலயக் கன்டாட்டாக்கள் (ஆராதனைக்கான பாட்டுத் தொகுப்புகள்), 244 சுற்றி பாடு இசை (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசை), 525 தொடங்கி ஆர்கன், 772 தொடங்கி கீபோர்டு, 1001 முதல் தனி வயலின், செல்லோ, அப்புறம் கான்செர்டோக்கள்.

ஹார்ப்சிகார்டா (தந்தியை மீட்டி ஒலிக்கும் பழைய கீபோர்டு), பியானோவா? பாக் காலத்தில் பியானோ அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது. அவர் எழுதியது பெரும்பாலும் ஹார்ப்சிகார்டு, கிளாவிகார்டு, ஆர்கன் ஆகியவற்றுக்கு. ஆனாலும் புதியவர் பியானோவில் தொடங்குவதே நல்லது என்பது என் கட்சி. ஹார்ப்சிகார்டில் தந்தியை மீட்டும் அழுத்தம் மாறாது. குரல்களைப் பிரித்தறியப் பழகின காது வேண்டும். ஆந்த்ராஸ் ஷிஃப், ஆஞ்செலா ஹியூவிட் இருவரும் பியானோவில் பாடவைக்கிறவர்கள். காது பழகியதும் குஸ்தாவ் லியோன்ஹார்ட்டின் ஹார்ப்சிகார்டுக்குப் போங்கள்.

பழைய வாத்தியங்களில் வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் அரைக் கட்டை இறக்கிச் சுருதி வைப்பார்கள். வீட்டுக் கீபோர்டில் கூடவே வாசித்துப் பார்க்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; தப்பு உங்கள் காதில் இல்லை.

கீபோர்டு வகுப்பில் குழந்தைகள் 'பாக் மினுவெட்' என்று வாசிக்கும் ஜி மேஜர் மெட்டு கிறிஸ்டியான் பெட்ஸோல்ட் எழுதியது. அன்னா மக்தலேனாவின் நோட்டில் இருந்ததால் பாக் பெயரில் ஒட்டிக்கொண்டது. இனிய மெட்டு, பெட்ஸோல்டின் பெயரையும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதே நியாயம்.

நான்காம் படி: பலர் கூடி

இது எளிதான படி. மகிழ்ச்சியாகக் கேளுங்கள். இரண்டு வயலின் கான்செர்டோவின் நடுப்பகுதி, பி.டபிள்யூ.வி. 1043. ஒரு வயலின் சொல்வதை இன்னொன்று வாங்கித் தொடரும். யார் எங்கே விட்டார் என்று தெரியாது. பிறகு பிராண்டன்பர்க் கான்செர்டோக்கள் ஆறு, 1721இல் பிராண்டன்பர்க் சிற்றரசர் கிறிஸ்டியான் லுட்விகுக்கு அழகான கையெழுத்தில் அனுப்பியவை. மூன்றாவதில் மூன்று வயலின், மூன்று வியோலா, மூன்று செல்லோ, பந்தை எறிந்து பிடிப்பதுபோல. ஐந்தாவதன் முதல் பகுதியில், துணைக்கு உட்கார்ந்திருந்த ஹார்ப்சிகார்டு மெல்ல மெல்ல முன்னுக்கு வந்து, மற்ற எல்லோரையும் நிறுத்திவிட்டு 65 பார் தனியே பொழியும். அதுவரை ஒதுங்கி நின்ற வாத்தியத்துக்கு அப்படி ஒரு மேடை கொடுத்தவர் அவர்.

1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் இரண்டாவது பிராண்டன்பர்க்கின் முதல் பகுதி இருக்கிறது. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் குரலும் அதே தட்டில்தான்.

ஐந்தாம் படி: தேவாலயம்

லைப்சிக் நகராட்சி முதலில் விரும்பியது இசையமைப்பாளர் டெலிமானை, அடுத்து இன்னொரு இசையமைப்பாளர் கிரௌப்னரை. இருவரும் அமையாததால் 1723இல் பாக்கை எடுத்தது. பள்ளிப் பையன்களுக்குப் பாடம், முக்கிய தேவாலயங்களில் இசை, அதற்கு மேல் ஞாயிறுதோறும் ஒரு கன்டாட்டா. முதல் சில ஆண்டுகள் ஏறக்குறைய வாரம் ஒன்று எழுதினார்: எழுதி, வீட்டாரும் மாணவர்களும் குரல்வாரியாகப் பிரதி எடுத்து, பையன்களுக்குப் பழக்கி, ஞாயிறு காலையில் பாட வேண்டும். சுமார் 200 தேவாலயக் கன்டாட்டாக்கள் மிஞ்சியிருக்கின்றன. தொலைந்தவை தனி. பிரதியின் தலையில் 'இயேசுவே உதவும்' என்பதன் முதலெழுத்தும், முடிவில் 'மகிமை கடவுள் ஒருவருக்கே' என்பதன் முதலெழுத்தும் பல இடங்களில் இருக்கின்றன.

எண் 140இல் தொடங்குங்கள். 1731 நவம்பர் 25க்காக எழுதியது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் பத்துக் கன்னிகைகள் கதை: நள்ளிரவு, மணவாளன் வருகிறார், விழித்தெழுங்கள். முதலில் நான்காம் பகுதியைக் கேளுங்கள். தந்தி வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மெட்டை ஆடி அசைந்து வாசிக்கும். அது முழுதாகத் தனியே நிற்கக்கூடிய மெட்டு. திடீரென்று அதற்கு மேல் ஆண் குரல்கள் நீண்ட ஸ்வரங்களில் இன்னொரு பாட்டைப் பாடும். அது பிலிப் நிக்கோலாய் 1599இல் வெளியிட்ட ஞானப்பாட்டு, சபையார் எல்லோருக்கும் மனப்பாடம். தெரிந்த பாட்டுக்குக் கீழே தெரியாத ஒரு நடனத்தை விரித்ததுதான் பாக்கின் வேலை. ச ரி க ம ரி க ச ப இரண்டு கையில் நடந்ததே இங்கே ஒரு சபை முழுக்க நடக்கிறது.

இந்த வகை ஞானப்பாட்டுக்குக் கோரல் என்று பெயர். அதில் ஒன்று பல தமிழர்களுக்கு ஏற்கெனவே தெரியும். 1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது பாக் ஆர்ன்ஸ்டட்டில் இருபத்தொரு வயது ஆர்கன் இசைஞர். அந்த ஜெர்மானிய லுத்தரன் மரபின் ஞானப்பாட்டுகள் மெட்டோடு தமிழுக்கு வந்தன. தமிழ்ச் சபைகளில் பெரிய வெள்ளியை ஒட்டிப் பாடும் 'இரத்தம் காயம் குத்தும்' அப்படி வந்ததுதான். மெட்டு ஹான்ஸ் லியோ ஹாஸ்லருடையது, 1601இல் ஒரு காதல் பாட்டுக்குப் போட்டது. பாக் அதை மத்தேயு பாடு இசையில் ஐந்து முறை வைத்தார், பெரும்பாலும் கீழே ஓடும் குரல்களை மாற்றி. அந்தச் சபைகளில் வளர்ந்தவர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு இந்த மாளிகையின் சாவி பிறந்தபோதே கொடுக்கப்பட்டிருக்கிறது.

மத்தேயு பாடு இசை, பி.டபிள்யூ.வி. 244. முதலில் பாடியது 1727 ஏப்ரல் 11, பெரிய வெள்ளி, தாமஸ் தேவாலயம். இரண்டு பாடகர் குழு, இரண்டு வாத்தியக் குழு, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பாக்கின் காலத்துக்குப் பின் மறக்கப்பட்டுக் கிடந்ததை 1829இல் பெர்லினில் இருபது வயது இசையமைப்பாளர் மெண்டெல்சோன் மீண்டும் மேடையேற்றினார்.

கேட்க ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. தமிழ் வேதாகமத்தை மத்தேயு 26, 27ஆம் அதிகாரங்களில் விரித்து மடியில் வையுங்கள். கதைசொல்லியாக வரும் டெனார் (உச்ச ஆண் குரல்) அந்த இரண்டு அதிகாரங்களை வசனம் வசனமாகப் பாடுகிறார். நடுவே ஆரியாக்களும் (தனிக் குரல் பாட்டுகள்) கோரல்களும் வரும்போது வாசிப்பதை நிறுத்திக் கேளுங்கள். முதல் பகுதி ஒரு மாலை, இரண்டாம் பகுதி மறுமாலை.

சில இடங்களை மட்டும் சொல்லிவைக்கிறேன். "ஆண்டவரே, நானோ, நானோ" என்று சீடர்கள் கேட்கும் இடம். ஆண்டவரே என்ற அழைப்பு பதினொரு முறை வரும், யூதாஸ் கேட்கவில்லை. உடனே கோரல் எழுந்து "நான்தான்" என்று பதில் சொல்லும். சொல்வது சீடர்கள் இல்லை, உட்கார்ந்து கேட்கும் சபை. அடுத்தது பேதுருவின் மறுதலிப்பு. "மனங்கசந்து அழுதான்" என்ற வசனத்தில் டெனாரின் குரல் நெளிந்து நெளிந்து ஏறும். அது அடங்கியதும் ஒரு வயலின் தொடங்கும், அதன்மேல் ஆல்டோ குரல் இரக்கம் கேட்கும். பாக்கின் எல்லாப் படைப்பிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதை எடுத்துக்கொள்வேன். பிலாத்து யாரை விடுதலையாக்க வேண்டும் என்று கேட்கும்போது கூட்டம் "பரபாசை" என்று கத்துவது ஒரே ஒரு கார்டு. தயாராக இருங்கள், தூக்கிவாரிப் போடும்.

இன்னொன்று. இயேசு பேசும்போதெல்லாம் தந்தி வாத்தியங்கள் மெல்லிய ஒளிவட்டம்போல அவர் குரலைச் சூழ்ந்திருக்கும். சிலுவையில் "ஏலீ, ஏலீ, லாமா சபக்தானி" என்னும்போது அது இல்லை. குரல் தனியாக நிற்கும்.

முடிவில் இரண்டு குழுவும் சேர்ந்து கல்லறையின் முன் உட்கார்ந்து பாடுகின்றன, தாலாட்டுப்போல. கடைசி கார்டு ஒலிக்கும்போது மேலே ஒரு 'நி' ஷட்ஜத்துக்குப் போகாமல், அதோடு உரசிக்கொண்டு ஒரு கணம் நிற்கும். பிறகுதான் ச. அந்த ஒலி முழுக்க அடங்கும்வரை இயர்போனைக் கழற்றாதீர்கள்.